தோலில்லா ஆசனம்

துவிச்சக்கர வண்டியின் ஆசனத்தைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் வினவக்கூடும். நாள்தோறும் பன்னிரண்டு கிலோமீற்றர் மிதித்துப் பாடசாலை சென்று திரும்பும் ஆசிரியனுக்கு அது அற்ப விடயமன்று. 2022 யூன் 27 நள்ளிரவு முதல் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லையென அரசு அறிவித்தபோது, தம்புள்ளையில் என்னைப் போன்ற பலர் மூலையிற் கிடந்த சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்தனர். பின்னர் பெற்றோல் வந்தது. ஏறிய விலையோடு வந்தது. நான் சைக்கிளிலேயே தங்கிவிட்டேன்.

வண்டி என் மாமனார் வைத்திருந்த பழைய றலி. அதன் தோலாசனம் நடுவே பிளந்து போயிருந்தது. புதிதாக ஒன்று வேண்டும், ஆனால் தோலில் வேண்டாம் என்றேன். ஆசிரியர் ஓய்வறையில் நண்பரொருவர் சிரித்தார்: "நீரும் ஆசாரக்காரராகிவிட்டீரோ, மாஸ்டர்?"

அந்தக் கேலியில் நியாயம் உண்டு. தோலைத் தீட்டென்று ஒதுக்கிய நம் சமுதாயம் தோலைத் தொட்டு உழைத்தவனையும் சேர்த்தே ஒதுக்கியது. பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் கூடினாலன்றி மிருதங்கம் பேசாது. அதன் நாதம் மண்டபத்துக்குள் சென்றது. அதைச் செய்த கை வாசலில் நின்றது. இத்தகைய சுத்தத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். அன்றியும், நான் மரக்கறி மட்டும் உண்பவனுமல்லன்.

என் மறுப்பு வேறிடத்திற் பிறந்தது. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் இருக்கின்றன. அத்தொழிலின் குரோமியக் கழிவு மண்ணில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் அங்குள்ள தோற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபா தண்டம் விதித்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டியொன்றின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை அந்த நச்சுச்சேறு மூடிற்று. 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தோல் என்றதும் எனக்குத் தீட்டு நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சேறுதான் வருகிறது.

தம்புள்ளைக் கடைகளில் தோலில்லா ஆசனத்துக்குப் பஞ்சமில்லை. றெக்சீன் போர்த்த ஸ்பொஞ்சு ஆசனங்கள் தாராளமாய்க் கிடைக்கின்றன. அழுத்திப் பார்க்கும் விரலுக்கு அவை சுகமானவை. ஆனால் சைக்கிளில் அமர்பவனின் பாரம் இடுப்பின் அடியிலுள்ள இரு எலும்பு முனைகளில் இறங்க வேண்டும். மிக மெத்தென்ற ஸ்பொஞ்சில் அம்முனைகள் புதைந்துவிட, நடுவிலுள்ள தசையும் நரம்பும் நசுங்குகின்றன. மரத்துப்போதல் அதன் விளைவே. எங்கள் ஊர் வெயிலில் றெக்சீன் வெடித்து, ஸ்பொஞ்சு பொடியாய் உதிர்வது தனிக்கதை.

அகலத்தை அறிய எளிய வழியுண்டு. பெட்டி செய்யும் நெளியட்டைத் துண்டொன்றைக் கடினமான வாங்கில் வைத்துச் சற்றுநேரம் அமர்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் பதிந்திருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கிடையேயுள்ள தூரத்தோடு இரண்டு சென்ரிமீற்றரேனும் கூட்டிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்திருந்து ஓட்டுபவருக்கு இன்னுஞ் சற்று அகலமும் ஸ்பிறிங்கும் தேவை.

பழைய தோலாசனத்தின் சூட்சுமம் அதன் மென்மையிலன்று. தடித்த தோலை முன்னும் பின்னும் தறைந்து, தொட்டில்போல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நாளடைவில் அது அமர்பவருக்கேற்பக் குழிந்து கொடுக்கும். இக்கலையிற் பேர்போன இங்கிலாந்தின் புறூக்ஸ் நிறுவனமே அண்மைக் காலத்தில் தோலுக்குப் பதிலாக இயற்கை இறப்பரையும் பருத்தித் துணியையும் இணைத்து ஆசனம் செய்கிறது என்று அறிந்து மகிழ்ந்தேன். விலையைப் பார்த்ததும் மகிழ்ச்சி அடங்கிற்று.

இறப்பர் மட்டும் மாசற்றதா? 1888இல் டன்லொப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றபின் ஐரோப்பாவைச் சைக்கிள் மோகம் பிடித்தாட்டியது. அந்த மோகத்துக்குப் பால் கொடுத்த நாடுகளில் ஒன்று கொங்கோ. லியோபோல்ட் மன்னனின் ஆட்சியில், விதித்த இறப்பரைக் கொணராத ஊர்களில் மனிதரின் கைகள் வெட்டப்பட்டன. நமது தீவுக்கு 1876இல் கியூ பூங்காவிலிருந்து ஹெனரத்கொடைக்கு இறப்பர்க் கன்றுகள் வந்தன. இங்கே கை வெட்டப்படவில்லை, கூலிதான் வெட்டப்பட்டது. விடியற்காலையில் பால் வெட்டப் போகும் தோட்டத் தொழிலாளிக்கு 1000 ரூபா நாட்கூலி என்பது 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. தோலை விட்டு இறப்பரைப் பற்றினால் கை கழுவியாயிற்று என்று என் மாணவருக்கு நான் எப்படிச் சொல்வேன்?

ஆயினும் ஏற்கெனவே உழைத்து ஓய்ந்த இறப்பர் எங்கள் ஊரில் குவிந்து கிடக்கிறது. பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவு பகலாக வந்துபோகும் மரக்கறி லொறிகள் தேய்ந்த டயர்களை விட்டுச் செல்கின்றன. அதன் அருகே கடை வைத்திருக்கும் சைக்கிள் பாஸ் சிங்களவர், என்னைவிட மூத்தவர். "தோலும் வேண்டாம், ஸ்பொஞ்சும் வேண்டாமென்றால் மிஞ்சுவது டயர்தான், சேர்," என்றார் தம் மொழியில். கம்பி டயர் உதவாதாம். நைலோன் டயர் வேண்டுமாம். அதன் மேற்படையைச் சீவி, நூலோடிய உட்படையை உரித்தெடுத்தார். பிளந்த தோலையே மாதிரியாக வைத்து வெட்டி, றலியின் பழைய ஸ்பிறிங் சட்டத்தில் சிறு போல்ற்றுகளால் பூட்டி, முன்திருகை முறுக்கி இறுக்கினார். இறப்பரும் நூலும்: சீமை ஆசனத்தின் இலக்கணம் அப்படியே!

முதல் வாரம் மரப்பலகையில் அமர்ந்ததுபோலிருந்தது. மூன்றாம் வாரத்தில் இரு பள்ளங்கள் இலேசாய் விழுந்தன. இப்போது ஆறு மாதமாகிறது, மரத்துப்போவதில்லை. வெள்ளைக் காற்சட்டையிற் கரி படிந்ததால், பழைய கித்தான் பையொன்றை வெட்டி உறை தைத்துக்கொண்டேன். மூட்டை சுமக்கும் இளைஞர் இருவர் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் வேண்டுமென்று பாஸிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரேயொரு குறை: பிற்பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விடும்போது அது அடுப்பாய்க் கொதிக்கிறது. வேம்பின் நிழலில் நிறுத்திவிட்டுப் போகிறேன். நான் திரும்புமுன் நிழல் நகர்ந்துவிடுகிறது. இதற்குப் பாஸிடமும் இன்னும் வழியில்லை.