கோம்பை நாட்டில் கருத்தடை

கம்பம் பள்ளத்தாக்கில் உழவு மாட்டுக்குக் காயடிப்பது யாருக்கும் புதிதல்ல. ஏருக்கும் வண்டிக்கும் காளை அடங்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது. அதே ஊர்களில் வீட்டு நாய்க்குக் கருத்தடை என்றால் மட்டும் 'பாவம்' என்று தயங்குகிறார்கள். அந்த அறுவையால் நாயின் உடலிலும் குணத்திலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தயக்கம் குறையும்.

பெண் நாய் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் முதன்முறை பருவத்துக்கு வருகிறது. பிறகு பெரும்பாலும் ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை அது திரும்பும். சினை சுமார் 63 நாள். கருத்தடையில் சூலகங்களையும் கருப்பையையும் எடுத்துவிடுவதால் பருவமும் சினையும் நின்றுபோகின்றன. அதைவிடப் பெரிய நன்மை, கருப்பையில் சீழ் கோக்கும் நோய் வராமல் போவது. பருவம் முடிந்து சில வாரங்களில், நடுவயது தாண்டிய நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சாப்பிட மறுத்தால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது இந்நோயைத்தான். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். முதல் பருவத்துக்கு முன்பே அறுவை செய்தால் மடிக்கட்டி வருவது வெகுவாகக் குறையும் என்று 1969-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. எவ்வளவு குறையும் என்பதில் பின்னால் விவாதம் எழுந்தாலும், மருத்துவர்கள் இன்றும் அதைக் கருத்தில் கொள்கிறார்கள். இணைசேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி நம் தெருநாய்களிடம் சாதாரணம். இணைசேராத நாய்க்கு அந்த ஆபத்து மிகக் குறைவு.

ஆண் நாயின் விரைகளை எடுத்தபின் விரைப்புற்று வராது. வயதான காலத்தில் புராஸ்டேட் வீங்குவதும் குறையும். பருவத்துக்கு வந்த பெட்டையின் வாசனை பிடித்து வேலி தாண்டி ஓடுவது, கண்ட இடத்தில் மூத்திரம் விட்டு எல்லை குறிப்பது, பெட்டைக்காக மற்ற நாய்களோடு கடித்துக்கொள்வது ஆகியவை பெருமளவு தணியும். அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் அதனால் சினையாக்க முடியும் என்பதால் அதுவரை பெட்டைகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். காவல் குணம் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. வீட்டைக் காப்பதும் அந்நியரைப் பார்த்துக் குரைப்பதும் இனவழியாகவும் பழக்கத்தாலும் வருபவை. பயத்தால் கடிக்கும் நாயை அறுவை திருத்திவிடாது. சில நாய்களுக்குப் பயம் கூடவும் செய்யலாம். கடிக்கு மருந்தாக மட்டும் இந்த அறுவையை நம்பக் கூடாது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அறுவைக்குப் பின் உடம்பு போடும். தீனியை அளந்து வைக்க வேண்டும். சில பெண் நாய்களுக்குப் பிற்காலத்தில் தூக்கத்தில் மூத்திரம் கசியும். பெரிய இனங்களுக்கு மிகச் சின்ன வயதில் செய்தால் மூட்டுக் கோளாறு வரலாம் என்று பத்தாண்டுகளுக்கு மேலாக ஆய்வுகள் எச்சரித்து வருவதால், அவற்றுக்கு வளர்ச்சி முடியும்வரை பொறுப்பது நல்லது. பூனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நான்கைந்து மாதத்திலேயே சினை பிடிக்கக்கூடியது என்பதால் அதற்குள் செய்துவிடலாம்.

உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய நாயினம், செந்நிற உடலும் கருத்த முகவாயுமாக, தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் காவலாக இருந்துவந்தது. கருத்தடை செய்தால் இனம் அழியும் என்ற கவலை இங்கே இயல்பானது. ஆனால் இனம் கலைவது வேறு வழியில். பருவத்தில் அவிழ்த்துவிட்ட கோம்பைப் பெட்டையைப் பல தெருநாய்கள் சேர்கின்றன. ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்க முடியும். இப்படிப் பிறக்கும் பெண் குட்டிகளே வாங்க ஆளின்றிச் சந்தையோரத்திலும் கால்வாய்க் கரையிலும் விடப்படுகின்றன. சுற்றியுள்ள தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, இனவிருத்திக்கென்று தேர்ந்த நாய்களை மட்டும் விட்டுவைப்பதே கோம்பையைக் காக்கும் வழி.

சென்னை மாநகராட்சி 1996-இல் தெருநாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது. 2001-இல் நாடு முழுவதற்கும் விதிகள் வந்தன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. பிடித்த நாய்க்கு அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காதில் சிறு வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. வளர்ப்பு நாய்க்கு இதைச் செய்யும் பொறுப்பு வளர்ப்பவருடையது. தேனியில் 2020-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபின், பள்ளத்தாக்கு மக்கள் யோசனை கேட்க மதுரைவரை போக வேண்டியதில்லை.