உதகையின் ரோஜாக்கள்

கோடையில் மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரி ஏறி உதகையை அடைவோமாயின், கண்ணுக்கு விருந்து காத்திருக்கின்றது. 1896-ஆம் ஆண்டு இங்கு மலர்க் கண்காட்சி தொடங்கிற்று. அதன் நூற்றாண்டு நினைவாக 1995-இல் விஜயநகரம் பகுதியின் மலைச்சரிவில் அரசு ரோஜாப் பூங்கா எழுந்தது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006-இல் அதற்குச் சிறப்பு விருது வழங்கிற்று.

ஆயினும், பூங்காவினும் மேலாக நம் உள்ளத்தைக் கவர்வது, வீட்டு முற்றத்தில் வளர்த்த ரோஜாவைப் போட்டிக்குக் கொணர்வோரின் உழைப்பே. மேடையில் மலர் நிற்பது சிறிது பொழுதுதான்; முயற்சியோ பல வாரங்களுக்கு முன்பே தொடங்குகின்றது. காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கவாத்து செய்தல் வேண்டும். ‘ஹைப்ரிட் டீ’ வகையில் காம்புக்கு ஒரு மலரே அழகு; ஆகவே பக்க மொட்டுகளை இளமையிலேயே கிள்ளிவிட வேண்டும். பிந்தினால் தழும்பு தெரியும். அரும்பைக் கிள்ள எவர்க்கும் மனம் வராது. கிள்ளாதவர்க்கோ பெருமலர் வாய்க்காது.

கோடை மழை ஓர் இரவிலேயே இதழ்களைக் கறைப்படுத்திவிடும். எனவே மொட்டின்மேல் சிறு குடைபோல் மறைப்புக் கட்டுதல் நலம். பாதிக்குமேல் விரிந்த மலரை வெயில் ஏறுமுன் நீண்ட காம்போடு அறுத்து, கழுத்தளவு நீரில் குளிர்ந்த நிழலில் வைக்க வேண்டும். இலைகளையும் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.

நடுவர்கள் நோக்குவன வடிவம், நிறம், வாடாத பொலிவு, காம்பு, இலை ஆகியவை. பரிசு ஒருவர்க்கே கிட்டும். ஆனால் இல்லத்தார் கூடிக் காத்த செடியோ, கண்காட்சி முடிந்த பின்னும் எல்லார் முற்றத்திலும் பூத்துக்கொண்டிருக்கும்.