ஒரு பக்கம் தீட்டிய கத்தி

ஜனவரி பிறந்ததும் பெங்களூரு நாளிதழ்களில் லால்பாக் மலர்க்காட்சிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். கண்ணாடி மாளிகைக்குள் பூக்களாலேயே ஒரு கோபுரமோ கோட்டையோ எழும்பி நிற்கும். அதற்கு முன்னால் அமைச்சர்கள், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்த கூட்டம். குடியரசு தினத்துக்கு ஒன்று, சுதந்திர தினத்துக்கு ஒன்று என ஆண்டுக்கு இரண்டு காட்சி. நாற்றுவிட்டு, நுனி கிள்ளி, அந்தப் பூவைத் தேதிக்குச் சரியாக மலர வைத்தவரின் முகத்தை ஒரு படத்தில்கூட நான் பார்த்ததில்லை. ஜெயநகரில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டபோது, "காட்சிக்கு வராதீங்க, ஜூலையில வாங்க. மாங்கொட்டை முளைச்சிருக்கும். நான் போற தோட்ட வகுப்புல ஒரு பெரியவர் ஒட்டுக் கட்டிக் காட்டுவார்" என்றார்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன். போச்சம்பள்ளிக்கு அருகே சந்தூரில் மாங்கன்று ஒட்டுக் கட்டுவது ஊர்த் தொழில். சிறுவயதில் அங்கே பார்த்ததெல்லாம் நெருக்கு ஒட்டு. தாய் மரத்துக் கிளையோடு தொட்டிச் செடியை அணைத்துக் கட்டி, மாதக்கணக்கில் பரணில் நிறுத்தி வைப்பார்கள். அந்த நினைவும் சேர்ந்து என்னைக் கிளப்பிவிட்டது.

வகுப்புக்கு முன்னால் லால்பாகில் ஓர் உலா இருந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எங்களைக் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைமேல் ஏற்றி நிறுத்தினார். அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1975இல் அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. அங்கிருந்து இறங்கி மரங்களுக்கு வந்தோம். 1874இல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஜான் கேமரனைப் பற்றிச் சொன்னார். நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்று வாங்கும் சௌசௌவை இந்த ஊரில் பரப்பியவர் அவர். 1908இல் வந்த ஜெர்மானியர் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கத் தொடங்குகிறபடி நகரத்துச் சாலைகளுக்கு மரம் தேர்ந்த கதையையும் சொன்னார். மனிதருக்கு நல்ல குரல், நல்ல ஞாபகம். குழந்தைகள்கூட அசையாமல் கேட்டார்கள். ஆனால் தோட்டத்தின் தொடக்கத்தைச் சொல்லும்போது, "1760இல் ஹைதர் அலி ஆரம்பித்தார், திகளர்கள் வேலை செய்தார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன்.

திகளர்கள் பெங்களூருவின் பழைய தோட்டக்காரர்கள். தமிழகத்தின் வட பகுதியிலிருந்து போனவர்கள் என்பது வழக்கு. தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு இன்றும் பல குடும்பங்களில் உண்டு. கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் பெங்களூரு கரகத்தைத் தலையில் தாங்குகிறவர் திகளர்தான். அது திரௌபதிக்கு எடுக்கும் விழா. செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கூத்துப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த உறவு சட்டென்று புரியும். ஏரிக்கரைகளில் கீரையும் காயும் பூவும் போட்டு நகரத்துக்குச் சோறும் மணமும் கொடுத்தவர்கள் இவர்கள். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது; கரகச் சடங்குக்கென்று ஒரு மூலையில் சிறு குளம் மட்டும் மிச்சம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாகிவிட்டது. தண்ணீர் போன பிறகு தோட்டம் எப்படி நிற்கும்? சிலர் லால்பாகை ஒட்டியிருக்கும் சித்தாபுரத்தில் நர்சரி போட்டார்கள். பலர் வீடுவீடாகப் போய்ச் செடி பராமரிக்கும் மாலிகளானார்கள். 300 கோடி ஆண்டுப் பாறைக்குக் கால் மணி நேரம் ஒதுக்கிய உலாவில் இந்த 260 ஆண்டுக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருக்க வேண்டும்.

வகுப்பின் முதல் பாதி மண் கலவை. செம்மண், தொழுவுரம், தென்னைநார்க் கழிவு எந்த அளவில் சேர வேண்டும், எந்தச் சத்து குறைந்தால் இலை எப்படி மஞ்சளாகும் என்று திரையில் படம் படமாக ஓடியது. வந்திருந்தவர்கள் அக்கறையாகக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. அறையின் ஓரத்தில், ஈரச் சாக்கு மூடிய ஒரு கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டிய வயது. அழைப்பிதழில் பேச்சாளர் பெயர் இருந்தது, இவர் பெயர் இல்லை. "இப்போது நம் தோட்டக்காரர் செய்து காட்டுவார்" என்றதும் எழுந்து வந்தார்.

சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். கடையில் வாங்கியதல்ல. இரும்பு அறுக்கும் ரம்பத்தின் பழைய தகட்டை உடைத்துத் தீட்டி, கைப்பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அலகை விளக்குப் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் சரிவாகத் தீட்டியிருக்கிறது, மறுபக்கம் கண்ணாடி மாதிரி தட்டை. சமையலறைக் கத்திபோல இரு பக்கமும் தீட்டினால் வெட்டு நடுவில் குழிந்துபோகும். குழிந்த இடத்தில் காற்று தங்கும். காற்று தங்கினால் ஒட்டு பிடிக்காது. தட்டைப் பக்கம் குச்சியில் படியப் படிய இழுத்தால்தான் வெட்டு பலகைபோல நேராக வரும். வந்திருந்தவர்களில் இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பெண் கத்தியை வாங்கிப் பார்த்தார். பெரியவர் அவர் கையைக் கவனித்துவிட்டு, "உங்களுக்கு இது ஆகாதும்மா. எதிர்ப் பக்கம் தீட்டணும். ஒண்ணு பண்ணித் தரேன்" என்றார். திரையில் ஓடிய எந்தப் படத்திலும் இது இல்லை.

கூடையிலிருந்து மாங்கன்றுகளை எடுத்தார். முளைத்து இரண்டு வாரம்கூட ஆகாதவை. கொட்டை இன்னும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்டும் இலையும் செம்பு நிறம். பச்சை ஏறிவிட்டால் இந்த வேலைக்கு உதவாது என்றார். கொட்டைக்கு நான்கு விரற்கடை மேலே தலையைச் சீவி, தண்டின் நடுவே இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பிளந்தார். பிறகு தாய்க்குச்சி. பத்து நாள் முன்னாலேயே காய்க்கிற மரத்தில் கிளையைத் தேர்ந்து, காம்பை விட்டு இலையை மட்டும் கிள்ளி வைத்திருக்கிறார். இலை போனதும் சாறு மொட்டுக்கு ஏறி அது புடைத்துக்கொள்ளும். காம்பு தொட்டதும் உதிரும். உதிராவிட்டால் குச்சி இன்னும் தயாராகவில்லை. குச்சியின் அடியை இரண்டு இழுப்பில் ஆப்புபோலச் சீவினார். மூன்றாவது இழுப்பு கிடையாது. திருத்தத் திருத்த வெட்டு கெடும். ஆப்பைப் பிளவில் இறக்கி, பட்டையும் பட்டையும் சேர்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்து, பாலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினார். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது, அதற்குத்தான் கீழிருந்து சுற்றுவது. ஒரு கன்று முடிந்ததும் கத்தியை ஈரத் துணியில் துடைக்கிறார். மாம்பால் அலகில் காய்ந்தால் அடுத்த வெட்டு இழுக்கும். அதே பால் தோலையும் பொசுக்கும். இடக்கை ஆள்காட்டி விரலின் ஓரம் முழுக்கக் கறுத்துத் தடித்திருந்தது.

வகுப்பு கலைந்த பிறகு அவரோடு சித்தாபுரம் வரை நடந்தேன். அப்பா லால்பாகில் தினக்கூலி. பன்னிரண்டு வயதில் அவர் பின்னால் வந்து பூவாளி தூக்கியிருக்கிறார். கத்தியைத் தொடவே சில வருடம் விடவில்லையாம். "மொதல்ல கல்லுல தீட்ட மட்டும்தான் கொடுத்தாரு சார். தீட்டத் தெரியாதவனுக்கு வெட்டத் தெரியாதுன்னு சொல்வாரு." முதல் ஆண்டு அவர் கட்டியதில் பாதி கருகிவிட, அப்பா திட்டவில்லை; கருகியவற்றைப் பிரித்து ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்ல வைத்தாராம். இப்போது எத்தனை பிடிக்கும் என்று கேட்டேன். கணக்கு சொல்லாமல், "போனதை எடுத்து வெச்சுப் பார்ப்பேன்" என்றார்.

சித்தாபுரத்தில் அவருடைய அண்ணன் மகனின் நர்சரி. மூங்கில் தட்டிக்குப் பின்னால் வரிசையாகக் கன்றுகள். இங்கேதான் மனம் கொதித்தது. நகரத்தில் தோட்டத்துக்குச் செலவழிக்கும் பணம் குறையவில்லை, பல மடங்கு கூடியிருக்கிறது. அடுக்ககங்கள், மென்பொருள் வளாகங்கள், மேம்பாலத் தூண்கள் எல்லாவற்றுக்கும் பசுமை வேண்டும். அந்தப் பணம் நர்சரிக்காரர் கைக்கும் மாலி கைக்கும் வருவதற்குள் இடையில் ஒப்பந்தக்காரர் நிற்கிறார். அவர் ஆந்திரத்துக் கடியத்திலிருந்து வளர்ந்த செடிகளை லாரியில் இறக்குகிறார். உள்ளூர் நர்சரியில் வாங்குவதெல்லாம் அவசரத்துக்கு, அதுவும் கடனுக்கு. நட்ட செடி பட்டுப்போனால் மாற்றித் தரும் உத்தரவாதத்தை வாடிக்கையாளரிடம் கொடுப்பவர் அவர். அதற்கான செடியை இலவசமாகக் கொடுக்க வேண்டியவர் நர்சரிக்காரர். தண்ணீர் விடாமல் பட்டாலும் பழி கன்றின் மேல்தான். பராமரிப்பில் இன்னும் மோசம். ஒரு மாலிக்கென்று அடுக்ககம் கொடுக்கும் தொகை ஏஜென்சிக்குப் போகிறது. அதில் ஒரு பகுதிதான் மாலிக்குச் சம்பளமாக இறங்குகிறது. ஒட்டுக் கட்டத் தெரிந்தவருக்கும் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ள மட்டும் தெரிந்தவருக்கும் ஒரே சம்பளம். கையில் நாற்பதாண்டு வித்தை இருக்கிறவரைக் காகிதத்தில் 'திறனற்ற தொழிலாளி' என்று எழுதுகிறவன் அந்த வித்தையைத் திருடுகிறான். இதை வேறு சொல்லால் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வாங்குகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. கட்டணம் எவ்வளவு என்று குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். அதில் மாலிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கர்நாடகத் தோட்டக்கலைத் துறை, எஸ்.எஸ்.எல்.சி. தேறிய விவசாயிகளின் பிள்ளைகளுக்கு லால்பாகில் 10 மாதப் பயிற்சி நடத்துகிறது. பெரியவரின் இளைய மகன் அதை முடித்தவர். சான்றிதழைக் காட்டி மேற்பார்வையாளர் வேலைக்குப் போய்விட்டார். அப்பாவைவிட நல்ல சம்பளம். பெரியவருக்கு அதில் வருத்தமில்லை, பெருமைதான். எனக்கு வேறு ஒரு கணக்கு தோன்றியது. 10 மாதம் படித்தவருக்குச் சான்று கொடுக்க முடிகிற நாட்டில், நாற்பது வருடம் செய்தவரின் கையைச் சோதித்து ஒரு சான்று கொடுப்பது பெரிய காரியமா? ஞாயிற்றுக்கிழமை வகுப்புக் கட்டணத்தில் பேச்சாளருக்குக் கொடுப்பதை அவருக்கும் கொடுத்து, அழைப்பிதழில் பெயரும் போட்டால் என்ன குறைந்துவிடும்? நண்பர் இதை அந்தக் குழுவிடம் கேட்டிருக்கிறார். அடுத்த பருவத்து அழைப்பிதழில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. அதை மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த இடக்கைப் பெண்ணுக்கான கத்தியைப் பெரியவர் செய்துவிட்டார். நர்சரியின் ஓரத்தில் கல் போட்டு உட்கார்ந்து, எனக்கு எதிரிலேயே வலப்பக்கச் சரிவை இடப்பக்கமாக மாற்றித் தீட்டினார். அவர் கைக்கு அது முரண்டு பிடித்தது. இரண்டு குச்சிகளைச் சீவிப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடி கல்லில் போட்டார். கூலி என்ன வாங்குவீர்கள் என்று கேட்டதற்கு, "வகுப்புக்கு வந்த பிள்ளை சார்" என்றார்.

ஒட்டு மாங்கன்று வாங்கப் போகிறவர்கள் இலையின் செழிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பது அவர் சொல்லி அனுப்பிய செய்தி. கழுத்தைப் பாருங்கள். ஒட்டின தடம் மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். மேல்தண்டும் அடித்தண்டும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்க வேண்டும். மேலே பருத்துக் கீழே மெலிந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்திருந்தால் அது கொட்டையின் துளிர், கிள்ளிவிட வேண்டும். நாடா தண்டை இறுக்கத் தொடங்கியிருந்தால் பிளேடால் நெடுக்காக ஒரு கீறல் கீறினால் போதும், பிரித்து இழுக்கக் கூடாது. நடும்போது ஒட்டின இடம் மண்ணுக்குள் போய்விடக் கூடாது. கடைசியாக, கட்டினது யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கட்டினவர் பக்கத்திலேயே இருந்தால் அவரே எழுந்து வந்து சொல்வார்.