சந்தைக்கு எட்டிய வீடு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று எம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டி முடிந்த வீட்டை விலைகொடுத்து வாங்குவதிலுள்ள பாடுகளைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. காணியும் வீடும் முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறி வந்த காலத்தில் அதற்குத் தேவையும் இருந்திராது. 2025ஆம் ஆண்டின் வசந்த காலத்திலே தென் பிரான்சில் சில மாதங்கள் தங்கியிருந்த நாம், எம்மோடு நட்புப் பூண்ட பிரெஞ்சுக் குடும்பமொன்று வீடு தேடி, விலை பேசி, உறுதி முடித்துக் குடிபுகும்வரை கூடவே இருந்து பார்க்கும் வாய்ப்பைப் பெற்றோம். அயல்நாட்டின் கோபுரங்களையும் நூதனசாலைகளையும் பார்த்து வருவோர் பலர். அந்நாட்டார் ஒரு வீட்டை எங்ஙனம் வாங்குகின்றனர் என்பதைப் பார்த்தால், அவர்தம் சட்டமும் குடும்பமும் ஒருங்கே விளங்கும் என்பது எம் எண்ணம்.

ஊரும் சந்தையும்

துலூஸ் மாநகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் சென்றால், ‘கருமலை’ எனப் பொருள்படும் பெயரையுடைய மலைத்தொடரின் அடிவாரத்திலே ரெவெல் என்னும் சந்தையூர் இருக்கிறது. புகைவண்டி அங்கே போவதில்லை. பஸ்ஸிலோ சொந்தக் காரிலோதான் போதல் வேண்டும். வழிநெடுக அலைபோல் ஏறி இறங்கும் வயல்கள். ஒருகாலத்தில் இவ்வயல்களிலே நீலச்சாயம் தரும் பஸ்தெல் என்னும் செடி விளைந்தது. 15ஆம் 16ஆம் நூற்றாண்டுகளில் அதனாற் செல்வம் கொழித்த வணிகர்கள் துலூஸிலே மாளிகைகள் எழுப்பினர். பின்னர் மதப்போர்களும், கப்பலேறி வந்த இந்திய அவுரி நீலமும் சேர்ந்து அவ்வியாபாரத்தைப் படுக்க வைத்துவிட்டன. அவுரி எம் தமிழ்நிலத்துக்கும் பழகிய பயிரன்றோ! அதன் வரவால் வாடிப்போன வயல்களின் நடுவே பயணம் செய்கையில் உலகம் சிறிதென்றே தோன்றியது.

ரெவெல் ஊர் 1342ஆம் ஆண்டில் ஆறாம் பிலிப் மன்னன் ஆணைப்படி திட்டமிட்டு அமைக்கப்பட்டது. சதுரங்கப் பலகை போல் நேர்நேரான தெருக்கள். நடுவே ஒரு சதுக்கம். அதன் நான்கு புறமும் வளைவுத் தாழ்வாரங்களையுடைய பழைய வீடுகள். சதுக்கத்தின் மத்தியில், பருத்த மரத்தூண்கள் தாங்கிநிற்கும் மாபெரும் சந்தை மண்டபம். 14ஆம் நூற்றாண்டில் எழுந்த அம்மண்டபத்தின் கீழும் சுற்றுத் தெருக்களிலும் இன்றும் சனிக்கிழமை காலைதோறும் சந்தை கூடுகின்றது. அயலூராகிய லோத்ரெக்கின் இளஞ்சிவப்பு உள்ளிப் பிடிகள், கஸூலே என்னும் புகழ்பெற்ற உணவுக்கு வேண்டிய வெள்ளை அவரை விதைகள், ஆட்டுப்பாற் கட்டிகள், தேன், வாத்திறைச்சி, பூக்கன்றுகள் எனக் கண்ணையும் மூக்கையும் ஒருங்கே இழுக்கும் பொருள்கள் நிறைந்திருக்கும். பத்தாயிரத்தை அண்டிய மக்களே வாழும் ஊரில், அன்று மட்டும் காரை நிறுத்தவும் இடங் கிடையாது.

மரவேலைக்கும் இவ்வூர் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெர்சாயிலிருந்து வந்து குடியேறிய தச்சாசாரியார் ஒருவர் பழக்கிவிட்ட தளபாடத் தொழில் இன்னும் நிலைத்திருக்கிறது. ஊருக்கு அப்பால் சில கிலோமீற்றரில் சென் பெரெயோல் என்னும் நீர்த்தேக்கம். துலூஸையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் 240 கிலோமீற்றர் நீளமான கால்வாய்க்கு நீரூட்டுவதற்காக, பியர் போல் ரிக்கே என்பவர் 1667இல் தொடங்கி 1672இல் நிறைவு செய்வித்த அணைக்கட்டு அது. குளங்கட்டி வாழ்ந்த நாட்டவராகிய நாம் அவ்வணையின்மேல் நின்றபோது, சொந்த ஊரில் நிற்பது போன்ற ஓர் உணர்ச்சியை அடைந்தோம்.

இரு வீடுகள்

எம் நண்பர் பாடசாலை ஆசிரியர். அவர் மனைவியார் மருத்துவத் தாதி. இரண்டு பிள்ளைகள். துலூஸிலே வாடகை மாடியொன்றில் வாழ்ந்து வந்தனர். மனைவியாரின் தாயார் கணவரை இழந்தவர். ரெவெல் சதுக்கத்தில், தாழ்வாரத்துக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியே வசித்தார். பிள்ளைகள் அம்மூதாட்டியை ‘மமி’ என்று அழைப்பர். பாட்டியை அவ்வாறு அழைப்பது அந்நாட்டு வழக்கம். எம் காதுக்கோ அது ‘மாமி’ என்றே விழுந்தது. நாமும் அவரை மாமி என்றே அழைக்கத் தலைப்பட்டோம். மாமிக்கு முழங்கால் நோவு. மூன்று மாடிப் படிகளும் அவருக்குப் பெரும் சோதனையாகிவிட்டன. அவரையும் கூட வைத்துக்கொள்ளத்தக்க வீடொன்றை ரெவெலின் அயலிலே வாங்குவதென்று குடும்பம் தீர்மானித்தது.

தேடியதில் இரண்டு வீடுகள் தேறின. ஒன்று, ஊரின் உட்தெருவில் இருந்த பழைய கல்வீடு. தடித்த சுவர், கைவேலை செய்த மரக்கதவு, குளிர்காய்வதற்குக் கல்லடுப்பு. நண்பர் அதன்மேல் மையல் கொண்டுவிட்டார். மற்றது, ஊருக்கு வெளியே ஒன்றேகால் கிலோமீற்றரில், முன்பு சூரியகாந்தி விளைந்த நிலத்தைக் கூறுபோட்டுக் கட்டிய புதுமனைகளில் ஒன்று, 2018இல் முடிக்கப்பட்டது. ஒரே தளம், படியே கிடையாது. நான்கு படுக்கையறைகள், தெற்கு நோக்கிய பெரிய கண்ணாடி யன்னல்கள், குசினியோடு சேர்ந்த விசாலமான கூடம், பின்புறம் சிறு வளவு. பார்வைக்குச் சோப்புப் பெட்டி போல இருக்கிறது என்று நண்பர் முகஞ் சுளித்தார். அவர் மனைவியாரோ, அழகை நாள்தோறும் கூட்டித் துடைக்கப் போவது யார் என்று திருப்பிக் கேட்டார்.

இவ்வழக்கைத் தீர்த்து வைத்தது விற்பவர் கொடுத்த கடிதக்கட்டாகும். பிரான்சில் வீடு விற்பவர் தம் செலவிலேயே பரிசோதனைப் பத்திரங்களைப் பெற்று வாங்குவோர் கையிற் கொடுத்தல் வேண்டும். 1949க்கு முந்திய வீடாயின் வண்ணப்பூச்சில் ஈயம் உண்டா, 1997 யூலைக்கு முன் அனுமதி பெற்றதாயின் கல்நார் உண்டா, மின்சார இணைப்பு 15 ஆண்டுகளைக் கடந்ததாயின் அது பழுதற்றதா, வெள்ளமோ மண்ணசைவோ நேரக்கூடிய நிலமா என்பனவெல்லாம் அவற்றிற் காணப்படும். இவற்றுள் முதன்மையானது வீட்டின் எரிபொருட் செலவைக் காட்டும் பத்திரம். ஏ முதல் ஜீ வரை ஏழு வகுப்புகள், ஏ சிறந்தது. கல்வீடு எஃப் வகுப்பைச் சேர்ந்தது. அத்தகைய தனிவீட்டை விற்பவர், அதைச் சீர்ப்படுத்த என்னென்ன செய்ய வேண்டுமென்னும் விரிவான ஆய்வறிக்கையையும் 2023ஆம் ஆண்டு ஏப்பிரில் தொடக்கம் கொடுத்தாக வேண்டும். அவ்வறிக்கையைப் படித்த நண்பரின் மையல் பாதியாகக் குறைந்தது. புதுவீடோ பீ வகுப்பு.

புதுவீடென்றால் குறையே இராது என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. அப்பகுதி களிமண் நிலம். கோடையிற் சுருங்கும், மாரியிற் பருக்கும். 2022ஆம் ஆண்டு போன்ற கடும் வறட்சிக்குப் பின் சுவர்கள் வெடிப்பதுண்டு. ஆகையால் நண்பர் கதவு யன்னல்களின் மூலைகளையெல்லாம் கைவிளக்குப் பிடித்துப் பார்த்தார். ஆயினும் புதுவீட்டுக்கு ஒரு காப்பும் உண்டு. 1978ஆம் ஆண்டின் சட்டப்படி, கட்டியவர்கள் பத்தாண்டுகளுக்கு வீட்டின் உறுதிக்குப் பொறுப்பாளிகள். வீடு கைமாறினாலும் அப்பொறுப்பு வாங்கியவருக்குத் தொடரும். 2018இல் முடிந்த வீட்டுக்கு இன்னும் ஏறக்குறைய மூன்றாண்டுக் காப்பு எஞ்சியிருந்தது.

நொத்தாரிசு முன்னிலையில்

பிரெஞ்சு நாட்டு நொத்தாரிசு எம் நாட்டவரைப் போன்றவரே எனினும் அதிகாரம் மிக்கவர். நீதியமைச்சர் நியமிக்கும் பொது அலுவலர் அவர். அலுவலக வாயிலிலே பொன்முலாம் பூசிய முத்திரைப் பலகை தொங்கும். அவரை எவரும் பெயர் சொல்லி அழையார். ‘மேத்ர்’ என்றே மரியாதையாக அழைப்பர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வெவ்வேறு நொத்தாரிசுகள் இருக்கலாம். அதனாற் கட்டணம் கூடுவதில்லை, இருவரும் பங்கிட்டுக் கொள்வர். பழைய வீடாயின் விலைக்கு மேலே நூற்றுக்கு 7 அல்லது 8 வீதம் செலவாகும். இரண்டரை இலட்சம் யூரோ விலையெனில், ஏறத்தாழ 18 முதல் 20 ஆயிரம் வரை. ஊரார் இதனை நொத்தாரிசுக் கட்டணம் என்கின்றனர். உண்மையில் அதன் பெரும்பகுதி அரசின் வரியே. ஏழு வயதான எம் நண்பரின் ‘புது’ வீடும் இக்கணக்கிலே பழையதாகவே எண்ணப்பட்டது!

மாமி தம் மாடி வீட்டை விற்று வரும் பணத்தில் ஒரு பகுதியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். நொத்தாரிசு உடனே பேனாவைக் கீழே வைத்தார். மாமிக்கு வேறூரில் ஒரு மகனும் உண்டு. இரண்டு பிள்ளைகள் இருப்பின் சொத்தில் மூன்றில் இரு பங்கு அப்பிள்ளைகளுக்கே உரியது என்பது பிரெஞ்சுச் சட்டம். பெற்றவரும் அதனை மாற்ற இயலாது. மகளுக்கு இன்று கொடுக்கும் கொடை நாளை பங்கு பிரிக்கும்போது கணக்கிற் சேரும். ஆதலால் மகனுக்கும் அறிவித்து எழுத்தில் வைத்தல் நலம் என்று அவர் அறிவுறுத்தினார். அன்று மாலையே மாமி மகனுக்குத் தொலைபேசியிற் பேசினார். தேசவழமை வழக்குகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு அந்த முன்னெச்சரிக்கையின் அருமை நன்கு விளங்கியது.

பத்து நாள்

முதல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வங்கிக் கடன் கிடையாவிடின் ஒப்பந்தம் தானே முறியும் என்பதும் அதில் எழுதப்பட்டது. இதன்பின் வருவதே பிரெஞ்சுச் சட்டத்தின் தயையான ஏற்பாடு. ஒப்பந்தம் பதிவுத் தபாலில் வந்த மறுநாள் தொடக்கம், வாங்குபவருக்குப் பத்து நாள் தவணை உண்டு. 2015ஆம் ஆண்டுவரை அது ஏழு நாளாக இருந்தது. அத்தவணைக்குள் காரணம் ஒன்றுமே கூறாமல் விலகிக் கொள்ளலாம். கொடுத்த முற்பணம் முழுவதும் திரும்பி வரும். விற்பவருக்கு அவ்வுரிமை கிடையாது.

வெள்ளிக்கிழமை தபால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிய போசனத்தின்போது மாமி, “பிள்ளை, நீங்கள் அங்கே சந்தோஷமாக இருங்கள். நான் வரவில்லை” என்று அமைதியாகச் சொன்னார். எல்லோரும் திகைத்தனர். மாமி தொடர்ந்தார்: “படியேறும்போது முழங்கால் நோகும், அது மெய். ஆனால் இறங்கினால் சந்தை. உள்ளிக்காரியோடு ஒரு வார்த்தை, பாண்கடையில் ஒரு வார்த்தை. அந்த வயலுக்குள்ளே என்னைக் கொண்டுபோய் வைத்தால், யாராவது காரில் ஏற்றும்வரை காத்திருக்கும் சாமானாகிவிடுவேன்.”

மகளின் கண் கலங்கிற்று. யாருக்காகப் படியில்லாத வீட்டைத் தேடினார்களோ அவரே வரமாட்டேன் என்றால் அவ்வீடு எதற்கு? விலகல் கடிதத்தை எழுதி மேசைமேல் வைத்துவிட்டனர். இரண்டு நாள் வீட்டிலே பேச்சே இல்லை. மூன்றாம் நாள் மருமகனாகிய எம் நண்பரே ஒரு வழி சொன்னார்: “மாமி, நடந்து பாருங்கள். இயலாவிடின் கடிதத்தை நானே தபாலிற் சேர்ப்பேன்.”

எட்டாம் நாள் சனிக்கிழமை. புதுவீட்டு வாயிலிலே மாமியைக் காரிலிருந்து இறக்கிவிட்டனர். கையிலே கூடை, தலையிலே காற்றுக்குத் துணி. அன்று ஓத்தான் எனப்படும் தென்கிழக்குக் காற்று முதுகிலே பிடித்துத் தள்ளியது. பேரப்பிள்ளைகள் இருபுறமும் வர, நாம் சற்றுப் பின்னே சென்றோம். பாதை சமதரை. ஏறத்தாழ இருநூறு மீற்றர் தூரத்துக்கு நடைபாதை இல்லை; அங்கே மாமி வேலியோரமாக ஒதுங்கி நடந்தார். ஒரு மதகுக் கட்டிலே ஒருமுறை, மரநிழலில் ஒருமுறை இளைப்பாறினார். சந்தை மண்டபத்தின் மணிக்கூண்டு கூரைகளுக்கு மேலே தெரிந்ததும் அவர் நடை தானே விரைந்தது. மூத்த பேரன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, 34 நிமிடம் என்று கூவினான்.

மாமி நேரே உள்ளிக்காரியிடம் போய் ஒரு பிடி வாங்கிக் கூடையில் வைத்தார். பின்னர் மருமகனைத் திரும்பிப் பார்த்து, “போவதற்கு என்னால் முடியும். திரும்பி வரும்போது உருளைக்கிழங்கும் கூடையில் இருக்கும், அதற்குக் கார் வேண்டும்” என்றார். கடிதம் தபாலுக்குப் போகவில்லை.

இதன் பின்னர் நடந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. நகரசபை தன் முன்வாங்கும் உரிமையைக் கைவிடுவதாக அறிவித்தது. வங்கியும் கடனை ஒப்பியது. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, நொத்தாரிசு இறுதி உறுதியைச் சொல் விடாமல் வாசித்துக் காட்டினார். ஈற்றெழுத்துகளும் ஒப்பங்களும் இட்டானபின், விற்பவர் திறப்புக் கோவையை மேசைமேல் நகர்த்தினார்.

அந்நாட்டில் விளைநிலத்தை வீட்டுமனையாக்கும் வேகத்தை 2031க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2021இல் ஒரு சட்டம் செய்துள்ளனர். ஆகவே, வயலிலே எழும் புதுமனைகள் இனி அருகும்; ஊருக்குள்ளே பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள் திருத்தப்படும் என்கின்றனர். அது நல்லதே. எனினும் புதியதோ பழையதோ, முதியவர் ஒருவரோடு குடிபுகுவோர் அறைகளை அளக்கும் அதே கவனத்தோடு கடைத்தெருவுக்குப் போகும் வழியையும் அவரை நடக்க வைத்து அளந்து பார்த்தல் நன்று. எம் நாட்டிலும் காணி வாங்கப் போகும் அன்பர்கள் கிணற்றையும் எல்லையையும் பார்ப்பதோடு இதனையும் பார்ப்பார்களாக.

நாம் இலங்கைக்குத் திரும்புவதற்கு முந்திய சனிக்கிழமை, அந்தப் பாதையில் மாமியை மறுபடியும் கண்டோம். மதகுக் கட்டிலே அமர்ந்து, அயல்வீட்டுக் கிழவி ஒருத்தியோடு உள்ளி விலையைப் பற்றி வெகு சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்.