சயாமுக்குப் போகிறவர்களுக்கு

விடுமுறை தொடங்கினால் நம் மாணவர்களில் பலருக்கு ஹட்யாய் ஞாபகம் வந்துவிடும். நல்ல சாப்பாடு, மலிவான துணிமணி, கைப்பேசி நிறையப் படங்கள் என்று இரண்டு நாளில் திரும்பிவிடுவோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், அதே தாய்லாந்தில் மலேசியத் தமிழர்களாகிய நாம் ஒருமுறையேனும் போய் நிற்க வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. அதுதான் காஞ்சனாபுரி. சென்ற தவணை விடுமுறையில் நண்பர்கள் நால்வராகப் போய் வந்தோம். அடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆவணங்கள். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் நிலையில் இருக்க வேண்டும். சுற்றுலாவுக்குப் போகும் மலேசியருக்கு விசா தேவையில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற வரம்பு அவ்வப்போது மாறுகிறது. புறப்படும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டை கட்டாயமாகிவிட்டது. போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் அதை நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது அரசாங்கத் தளம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர், பிறந்த தேதி, தொழில், தங்கும் முகவரி, பயணத்தின் நோக்கம் என்று அந்தப் பாரம் கேட்டுக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் நிரப்பி முடித்தேன். முடித்தபோது என் கொள்ளுத்தாத்தாவின் நினைவு வந்தது. 1943இல் அவரும் இதே நாட்டுக்குத்தான் போனார். கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவரை ஜப்பானியர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரிடம் யாரும் எந்தப் பாரத்தையும் நீட்டவில்லை. எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய் என்று கேட்கவில்லை. அப்போது என் பாட்டிக்கு மூன்று வயது. அதன்பின் அவரைப் பற்றி எந்தச் செய்தியும் லயத்துக்கு வந்து சேரவில்லை.

இனி, பயணம். கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் பாடாங் பெசார் வரை செல்லலாம். இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் அந்த ஒரே நிலையத்தில் இருக்கின்றன. அங்கிருந்து பேங்காக் செல்லும் இரவு ரயிலில் படுக்கைக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். பேங்காக் வரை போகாமல் நக்கோன் பாத்தோமில் இறங்கினால், தொன்புரியிலிருந்து வரும் காஞ்சனாபுரி வண்டியைப் பிடிக்கலாம். நாளுக்கு இரண்டு வண்டிகள்தான் உண்டு. தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதை மறவாதீர்கள். சிறிய கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் செலவழிக்கச் சில்லறையாகப் பாட் வைத்திருங்கள்.

அந்த நாட்டின் சட்டத்தையும் மதிக்க வேண்டும். மின்சிகரெட் அங்கே தடை செய்யப்பட்ட பொருள். ‘வேப்’ பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூடத் தவறாகப் பேசக் கூடாது. கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

காஞ்சனாபுரியில் எல்லாரும் முதலில் பார்ப்பது அந்த இரும்புப் பாலம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதையின் ஒரு துண்டு அது. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அடி உதையும் அவர்களைத் தின்று தீர்த்தன.

ஊரின் நடுவே போர்க் கல்லறை இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பசும்புல், வரிசை பிசகாத பெயர்ப் பலகைகள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்தோம். பலர் எங்கள் வயதுக்காரர்கள். அவர்களுக்காகவும் மனம் கனத்தது. ஆனால், அங்கே ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை. அருகிலுள்ள தாவோர்ன் வராராம் புத்த ஆலயத்தில், மாண்ட தமிழர்களின் நினைவாக 2023இல் ஒரு நடுகல் நாட்டப்பட்டிருக்கிறது. தேடிப் போய்ப் பாருங்கள்.

புறப்படும் முன் பாட்டி என்னிடம் ஒன்று கேட்டிருந்தார்: “அங்கேருந்து ஒரு பிடி மண்ணு எடுத்தாய்யா.” அனுமதிப் பத்திரம் இல்லாமல் அயல்நாட்டு மண்ணை மலேசியாவுக்குள் கொண்டு வருவது குற்றம் என்று விளக்கினேன். பாட்டி சிரித்தார். “எங்கப்பாவக் கொண்டு போறப்ப எந்தச் சட்டம்யா கேட்டுச்சு?” என்றார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. சட்டம் சட்டம்தான்; மண் எடுக்கவில்லை. நடுகல்லின் முன் நின்று பாட்டிக்கு அழைத்தேன்.

“எங்கப்பா பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா?”

“இல்ல பாட்டி. நம்ம ஆளுங்க எல்லாருக்குமா ஒரு கல்லு இருக்கு.”

சற்று நேரம் சத்தமே இல்லை. “அப்ப, அது எங்கப்பாவுக்குந்தான். கும்பிட்டுட்டு வா” என்றார்.

இன்று கொள்ளுத்தாத்தாவின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் பாட்டியின் அடையாள அட்டை. ‘ஏ/பி’ என்பதற்குப் பின்னால், ஒரே சொல். நான் அதை முழு முகவரியோடு, தோட்டத்தின் பெயரோடு, பாட்டி சொன்ன அங்க அடையாளங்களோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, உங்கள் குடும்பத்திலும் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருக்கலாம். கடப்பிதழைத் தேடுவதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வருகை அட்டையை மூன்று நாளுக்கு முன்பு நிரப்பினால் போதும். இதற்கு அவ்வளவு அவகாசம் இல்லை.