கெல்லி மாளிகை: சீட்டுக்குள் அடங்குவதும் அடங்காததும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், ராயா ஆற்றை ஒட்டிய மேட்டில் நிற்கிறது கெல்லி மாளிகை. பலகைகளில் அதற்குக் கோட்டை என்று பெயர். உண்மையில் அது, ஒரு ரப்பர் தோட்ட முதலாளி தன் குடும்பத்துக்காகக் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன வீடு. மலேசியாவில் குடியேறிய தமிழர்கள், ஊரிலிருந்து வரும் பெற்றோரைப் பத்துமலைக்குக் கூட்டிப்போன பிறகு, ஈப்போ பக்கம் போனால் காட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில், பாலாற்றங்கரையில் இருக்கும் செவிலிமேட்டிலிருந்து போகிறவருக்கு அந்த மாளிகையில் பார்க்கவும் கேட்கவும் நிறையவே இருக்கிறது.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் கெல்லாஸ் என்ற ஊரில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, நில அளவை ஒப்பந்தக்காரரான சார்லஸ் அல்மா பேக்கரிடம் சேர்ந்து பேராக்கில் காடு வெட்டிச் சாலை போடும் வேலையில் பணம் பார்த்தார். அந்தப் பணத்தில் கிந்தா மாவட்டத்தில் காட்டு நிலம் வாங்கி, ரப்பர் நட்டு, ஈயமும் தோண்டினார். தோட்டத்துக்குச் சொந்த ஊரின் நினைவாகக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். பிழைக்கப் போன இடத்தில் பிறந்த ஊரின் பெயரை நட்டுவைக்கும் வழக்கம் வெள்ளைக்காரத் துரைக்கும் இருந்திருக்கிறது.

முதலில் ஒரு பங்களா எழுந்தது. 1915இல் மகன் பிறந்த பிறகு, அதை ஒட்டியே பெரிய மாளிகையைத் தொடங்கினார். ஸ்காட்லாந்துக் கோபுரம், மூரிஷ் வளைவுகள், இந்தியக் கட்டட அலங்காரம் என்று மூன்றும் கலந்த திட்டம். ஆறு மாடிக் கோபுரத்தில் மின்தூக்கி வைக்க நினைத்தார். வைத்திருந்தால் மலாயாவிலேயே அதுதான் முதல் மின்தூக்கி என்பார்கள். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. சென்னையிலிருந்து 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள் என்பது வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கணக்கு. 1926இல் ஐரோப்பா போன ஸ்மித், லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். மனைவி ஆக்னஸ் ஸ்காட்லாந்துக்கே திரும்பிவிட, சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் கம்பெனியின் கைக்குப் போனது. வேலை அதோடு நின்றது.

கீழ்த்தளத்து வரவேற்பறையில் தொடங்கும் சுற்று, நிலவறை, படுக்கையறைகள், பிள்ளைகளின் அறை என்று போய் மொட்டைமாடியில் முடியும். மின்தூக்கிக்கென விட்ட செங்குத்தான வெற்றிடம் கோபுரத்துக்குள் அப்படியே இருக்கிறது. கூட்டம் அங்கேதான் அதிகம் நின்று படமெடுக்கும். ஆனால் கைவேலை தெரிந்த கண் நிற்குமிடம் வேறு. பல சுவர்களுக்குப் பூச்சே இல்லை. செங்கல் வரிசையும் நடுவே சாந்துக் கோடும் வெளியே தெரிகின்றன. வளைவுகளில் கல்லை எப்படிச் சாய்த்து வைத்தார்கள், எங்கே உடைத்துப் பொருத்தினார்கள் என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். "இவ்ளோ பெரிய வூட்டுக்குப் பூச்சு வேலைய முடிக்கலயே" என்று ஊர்ப் பெரியவர்கள் அங்கலாய்ப்பது வழக்கம். முடித்திருந்தால் கொத்தனாரின் கை மறைந்துபோயிருக்கும்.

வரலாற்றோடு கதைகளும் கலந்தே வரும். மாடியில் ஸ்மித்தின் ஆவி உலவுகிறது, மின்தூக்கி வாங்கத்தான் லிஸ்பன் போனார், மாளிகையிலிருந்து பக்கத்திலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு ஒரு சுரங்கப்பாதை ஓடுகிறது என்று வழிகாட்டி அடுக்குவார். செவிலிமேட்டுக்காரருக்கு இது பழகிய விஷயம். விந்தியக் காட்டில் தனியே விடப்பட்ட இராமானுசரை வேடர் தம்பதியாக வந்த பெருமாளும் தாயாரும் காஞ்சிக்கு அழைத்து வந்தபோது, அவர்களின் தாகத்துக்கு அவர் தண்ணீர் மொண்டு கொடுத்ததும், பிறகு வரதராசர் கோயிலுக்குத் தினமும் நீர் சுமந்ததும் செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றிலிருந்து என்றே குருபரம்பரை வழியில் சொல்லப்படுகிறது. தல புராணம் கேட்டு வளர்ந்தவர்கள் கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வார்கள். சுரங்கப்பாதை இல்லாத பழங்கோயில் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?

காஞ்சிபுரத்திலேயே இன்னொரு வகை வழிகாட்டிச் சுற்று நடக்கிறது. கோயில் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை நெசவாளர் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளர் இரண்டு முறை நாடா ஓட்டிக் காட்டுவார். உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. இரண்டு நிறத்தையும் கோத்து நெய்யும் கோர்வைக்குப் பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும் என்பது விளக்கப்படும். சுற்று பெரும்பாலும் புடவைக் கடையில் போய் முடியும். அந்தச் சுற்றில் உழைப்பவர் கண்முன் இருக்கிறார். பாவும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் முதலாளியைப் பற்றிப் பேச்சே எழாது. கெல்லி மாளிகையில் நிலைமை தலைகீழ். முதலாளியின் மனைவி, மக்கள், ஆசை, சாவு எல்லாம் தெரிய வரும். கட்டியவர்கள் '70 பேர்' என்ற எண்ணோடு நின்றுவிடுவார்கள்.

உழைத்த ஆட்கள் கதைக்குள் கூட்டமாக வருவது ஒரே இடத்தில்தான். 1918 வாக்கில் உலகத்தை உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சல் தோட்டத்தையும் தாக்கியது. ஆட்கள் செத்து விழ, மாரியம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று மற்றவர்கள் துரையிடம் கேட்டார்கள், அவரும் இசைந்தார். மாளிகையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் அந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. கூரைமேல் சுதைச் சிற்பங்களின் வரிசையில் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். நன்றிக்கு வைத்த சிலை என்பார்கள். தோட்டத்து ஆட்கள் தங்கள் முதலாளியைப் பற்றி விட்டுச்சென்ற ஒரே பதிவு என்றும் அதைக் கொள்ளலாம்.

அக்காலத்தில் மலாயாவுக்குத் தமிழர் போன வழி பொதுவாகத் தெரிந்ததே. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தபின் கங்காணிகள் தங்கள் சொந்தக் கிராமங்களுக்கு வந்து உறவு சொல்லி ஆள் பிடித்தார்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களோடு, காஞ்சிபுரம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டமும் ஆள் போன பகுதிதான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினார்கள். செவிலிமேட்டிலிருந்து விமானத்தில் போய் மாளிகையைப் பார்க்கும் பெரியவருக்கு முன்பே, அதே மாவட்டத்துக்காரர் எத்தனையோ பேர் அந்த நாட்டு மண்ணை வெட்டியிருக்கிறார்கள்.

மாளிகைகளில் சொல்லும் கதையை மாற்றும் முயற்சி வெளியே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி கரும்புத் தோட்டம் 2014இல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது, எசமானர்களை விட்டுவிட்டு அடிமைகளின் கதையையே சுற்றின் மையமாக்கியது. பழைய மாளிகைகள் பலவற்றைப் பராமரிக்கும் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட், தன்னிடமுள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் இருந்த தொடர்பை 2020இல் அறிக்கையாக வெளியிட்டு, அதற்காகப் பலரிடம் வசையும் வாங்கிக்கொண்டது. கெல்லி மாளிகைக்கு அவ்வளவு பெரிய மாற்றம் தேவையில்லை. கோயிலையும் சுற்றில் சேர்த்தாலே போதும்.

இப்போதைக்கு அந்தக் கோயிலை, பார்க்க வருகிறவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். மாளிகைக்கு நுழைவுச்சீட்டு உண்டு. உள்ளூர்க் குடிமக்களுக்குக் குறைவு, வெளிநாட்டவருக்குக் கூடுதல். வேலை பர்மிட்டில் இருக்கும் மகனும், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவும் கூடுதல் கட்டணத்தில்தான் நுழைவார்கள். கோயிலுக்குச் சீட்டும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. அர்ச்சனை செய்ய வேண்டும் என்பவர்கள் நடை சாத்துவதற்குள் காலையிலேயே கோயிலை முடித்துக்கொண்டு மாளிகைக்கு வருவது நல்லது. துரை சிலை கூரைமேல் இருப்பதால், நடை சாத்தியிருந்தாலும் வெளியே நின்றே பார்த்துவிடலாம்.