வர முடியாத அண்ணன்

வெளிநாடு என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? என் அண்ணன் விசிட்டர் விசாவில் கனடா போனவன். 6 மாத அனுமதி முடிந்தும் திரும்பவில்லை. டொரண்டோவில் அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பெண்ணை மணந்தான்.

2005-இல் வந்த விதித்தளர்வின்படி, அனுமதி முடிந்து தங்கியவரையும் அங்கிருந்தபடியே மனைவி ஸ்பான்சர் செய்யலாம். 3 வருடம் கணவனைப் பராமரிப்பேன் என்று அண்ணி கையெழுத்துப் போட்டார். ஆனால் முடிவு வருமுன் கிளம்பினால், மறுபடி உள்ளே விடுவார்கள் என்பது நிச்சயமில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு ஆபரேஷன். போனில் அண்ணன் அழுதான். "நீ வராதேடா. அவ அங்க தனியா என்ன செய்வா? தம்பி இருக்கான்ல" என்றாள் அம்மா. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

விமானம் ஏறப்போகும் தோழர்களே, அனுமதி முடியும் தேதியை மறக்காதீர்கள். கனடாவில் அது தவறினாலும் 90 நாளுக்குள் மீட்டுத்தரக் கேட்கலாம். அண்ணன் அதையும் கேட்கவில்லை. அம்மா இன்னும் வாசலைப் பார்க்கிறாள்.